மூன்றாவது தரம் கூப்பிடாத மதியம்

1

இந்தக் கிழமை எங்கள் கட்டடத்துக்கு அலாம் மாற்ற ஆள் வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். இங்கே ஒவ்வொரு வீட்டின் உட்கூரையிலும் வெள்ளையாக, சோற்றுக்கோப்பையைக் கவிழ்த்து ஒட்டியது போல ஒரு சாமான் பூட்டியிருக்கும். புகை பட்டால் போதும், காது கிழியக் கத்தும். நெருப்பிலிருந்து ஆட்களைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் செத்தல் மிளகாய் தாளிப்பதற்கும் வீடு எரிவதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் எங்கள் ஆட்கள் அதன் தலையில், கடையில் சாமான் போட்டுத்தரும் சொப்பின் பை ஒன்றை மாட்டி, றப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுவார்கள். மொன்றியலின் லாசால் பகுதிக்கு நாங்கள் குடிவந்த அன்று, மேல்மாடியில் இருந்த அண்ணை ஒருவர் குப்பை எந்த நாளில் வெளியே வைப்பது என்று சொல்லித்தந்தார். அதே மூச்சில் இந்தப் பை கட்டும் வித்தையையும் சொல்லித்தந்தார்.

வந்த தொழிலாளி மேலே பார்த்தான். எங்கள் வீட்டு அலாமில் பை இல்லை. கீழ் வீட்டிலும் எதிர்வீட்டிலும் அவிழ்த்து அவிழ்த்து அலுத்துப்போயிருந்தான் போல. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான்கு வருடமாக எங்கள் வீட்டில் பை கட்டுவதில்லை. கருவாடு பொரித்தாலும் இல்லை. அது கத்தும், நாங்கள் துவாயை எடுத்து அதன் கீழே நின்று விசுக்குவோம், கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் உட்கூரையை இடிப்பார். அப்படியே சமைத்து, அப்படியே சாப்பிடுகிறோம். ஏன் இந்தப் பிடிவாதம் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

2

அது நான்கு வருடத்துக்கு முன்பு, இலங்கையில் சமாதானம் வந்திருந்த கோடைகாலம். மொன்றியலில் பாதிச் சனம் ஊருக்குப் பறந்துகொண்டிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால், யார் எப்போது போகிறார்கள், யாருக்கு என்ன கொடுத்துவிடலாம் என்பதுதான் கதை. எங்களுக்குக் குடியுரிமைக் கடதாசி வரவில்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் குருநகர்க் கடற்கரையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்த வாக்கு அப்படியே கிடந்தது.

என் கணவர் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையல்கூடத்தில் இரவு வேலை. அங்கே வேலை செய்யும் கியூபெக்காரன் ஒருவன் இவர் காதில் மோட்டர்ஹோமைப் பற்றி ஓதிவிட்டான். படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளுக்கே இருக்கிற பெரிய வண்டி. கிழக்குப் பக்கம் ஒன்றரை மணித்தியாலம் ஓடினால் ராட்டினப் பூங்கா, அதற்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்கா, இரண்டுக்கும் நடுவில் வண்டிகள் நிறுத்துகிற காட்டு வளவு. செப்டெம்பர் தொடக்கத்தில் வரும் நீண்ட வார இறுதிக்கு ஒன்றை வாடகைக்கு எடுப்போம் என்று இவர் வந்து சொன்னார். ஏழு வயது றொஷான் கட்டிலில் ஏறிக் குதித்தான்.

எனக்கு ராட்டினமும் தேவையில்லை, காடும் தேவையில்லை. காட்டுக்குள் கூடாரம் போட்டு இருந்ததெல்லாம் இடம்பெயர்ந்த காலத்தில் போதும் போதும் என்று இருந்துவிட்டோம். காசு கொடுத்து அதையே திரும்பச் செய்யும் சனத்தை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இவர் காட்டிய அந்த வண்டியின் படத்தில் ஒரு மேசை இருந்தது. இரண்டு பக்கமும் வாங்கு போட்ட, நாலு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன மேசை. நான் அந்த மேசையைத்தான் பார்த்தேன்.

ஜெனிற்றாவுக்கு அப்போது பதினைந்து வயது. எங்களோடு இருந்து சாப்பிடுவதை அவள் விட்டு எட்டொன்பது மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ அவளுடைய குளிர்ச்சட்டையை மணந்துவிட்டு மூக்கைப் பொத்தினார்களாம். அன்றிலிருந்து உடுப்புகளைப் பிளாஸ்ரிக் பைகளில் கட்டிப் பல்கனியில் வைப்பாள். நான் தாளிக்கத் தொடங்கினால் அறைக்கதவின் கீழே துணியைத் திணிப்பாள். சாப்பாடு அறைக்குள், கதை பிரெஞ்சில், என்னோடு பேசுவதென்றால் "ஓம்", "இல்லை", "தெரியாது". இவர் மட்டும் விடமாட்டார். உலை கொதிக்கும்போது ஒருதரம், கோப்பை வைக்கும்போது ஒருதரம், பிறகு குரலை உயர்த்தி மூன்றாவது தரம், "ஜெனி, சாப்பிட வா பிள்ளை!" மூன்றாவதுக்குத்தான் அவள் அறைக்கதவு திறக்கும். வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள்.

அந்த வண்டிக்குள் அவளுக்கென்று அறை கிடையாது. மூன்று நாளும் அந்த மேசையில்தான் இருந்தாக வேண்டும். பிள்ளையை என் பக்கம் திருப்ப எனக்கு இதைவிட நல்ல பொறி கிடைக்காது என்று நினைத்தேன்.

3

வண்டி எடுக்கப் போன இடத்தில் சிவப்புத் தொப்பி போட்ட மனிதர் ஒருவர் எங்களை உள்ளுக்கு ஏற்றி எல்லாவற்றையும் காட்டினார். தண்ணீர் இங்கே, கழிவு அங்கே, அடுப்பு இப்படி, காஸ் வெளியே. அரை மணித்தியாலம் விடாமல் கதைத்தார். இவர் ஒவ்வொன்றுக்கும் "வுய், வுய்" என்று தலையாட்டினார். வகுப்பில் படித்த பிரெஞ்சு எங்களுக்குக் கடைக்குப் போகப் போதும். ஆனால் அந்த மனிதர் கதைத்தது வகுப்பில் படிப்பித்த பிரெஞ்சு இல்லை. சொற்களைக் கடித்து விழுங்கிக்கொண்டு கதைத்தார். ஒருதரம் சுவரில், முழங்கால் உயரத்தில் இருந்த சின்னப் பெட்டியைத் தட்டிக்காட்டி, விரலை ஆட்டி என்னவோ அழுத்திச் சொன்னார்.

"என்ன பிள்ளை சொல்றார்?" என்று கேட்டேன்.

ஜெனி ஒரு காதிலிருந்த வயரை மட்டும் எடுத்தாள். "எல்லாம் ஓகேயாம். கவனமா ஓடட்டாம்."

"அரை மணித்தியாலமாக் கதைச்சது இவ்வளவுதானோ?"

"ஓமம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது புதுசு இல்லை. எட்டு வயதிலிருந்து அவள்தான் எங்களுக்கு வாய். தொலைபேசிக் கம்பனிக்கு அவள், டொக்டரிடம் அவள், வீட்டுக்காரனுக்கு அவள். ஆசிரியைகள் அவளைப் பற்றிச் சொல்லும் முறைப்பாட்டையும் அவளே எங்களுக்கு மொழிபெயர்த்தாள். பாவம், அந்த வருடங்களில் அவள் மாதிரி நல்ல பிள்ளை உலகத்திலேயே இல்லை. வளர வளர மொழிபெயர்ப்புச் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் எந்த நீளப் பேச்சும் "ஓகேயாம்" ஆகிவிட்டது.

4

முதல் நாள் வெயில். ராட்டினப் பூங்காவில் சுழலும் கோப்பைகளில் றொஷான் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் தலை சுற்றிப் புல்லில் விழுந்து சிரித்தான். ஜெனியும் அவனோடு இரண்டு தரம் ஏறினாள். வேகமாகச் சுற்றும்போது அவள் கத்தியது தமிழில் இருந்தது. "ஐயோ அம்மா!" என்றாள். கீழே நின்ற எனக்கு அது போதுமாக இருந்தது.

பின்னேரம் வண்டிக்குள் மீன் பொரித்தேன். அடுப்புக்கு மேலேயிருந்த அலாம் உடனே அலறியது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் உயரத்துப் பெட்டியும் சேர்ந்து கீச்சிட்டது. அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் தங்கள் மடக்குக் கதிரைகளில் இருந்தபடி திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழும்பியே விட்டார், வெள்ளைத் தாடி வைத்த பெரிய உருவம். இவர் வாசலில் நின்று "பொன்ஜூர், மீன், மீன்" என்று பாதிப் பிரெஞ்சிலும் பாதித் தமிழிலும் சமாதானம் சொல்லிவிட்டு உள்ளுக்கு வந்தார். ஹோட்டலில் அலாம் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன மனிதர். மேலே இருந்ததுக்கு ஒரு சொப்பின் பை. கீழே இருந்த பெட்டிக்கு இன்னொன்று. இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டு, கையைத் தட்டித் துடைத்தார்.

"இஞ்சரும், இனி நீர் ஆறுதலாச் சமையும்."

ஜெனி வாசற்படியில் நின்று அந்தக் கீழ்ப் பெட்டியைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் அந்த நேரம் பார்த்து, "வந்து இரு, மீன் ஆறுது" என்றேன். அவள் முகம் இறுகிவிட்டது. தனக்குப் பசியில்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வெளியே போனாள். அன்றும் மேசையில் மூன்று பேர்தான்.

5

அடுத்த நாள் மழை. சும்மா மழை இல்லை, கோடை முடிந்தது என்று சொல்ல வந்த மழை. பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். காற்று ஈரமாக உள்ளுக்கு வந்தது. றொஷானுக்குத் தடிமன் பிடிக்கும் என்று யன்னல்களை எல்லாம் பூட்டினேன். கூரையில் ஒரு சாளரம் இருந்தது, அதன் ஓரத்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. இவர் ஏறி நின்று இரண்டு துவாயைத் திணித்து அடைத்தார். கதவிடுக்குக்கும் ஒரு படுக்கைவிரிப்பு. உள்ளே இதமாக வந்தது.

அப்படி ஒரு மழைநாளில் எங்கள் ஆட்களுக்குக் கூழ்தான் நினைவு வரும். அதை எதிர்பார்த்தே நான் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல்மா, இறால், நண்டு, பயற்றங்காய் எல்லாம் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். கோயில் பெருநாளுக்குச் சமைக்கும் பெரிய அலுமினியப் பானையும் வந்திருந்தது. நாலு பேருக்கு அந்தப் பானை எதற்கு என்று கேட்காதீர்கள். சின்னப் பானையில் வைத்தால் அது கூழே இல்லை. அந்தக் குட்டி அடுப்பில் பானையை வைத்தபோது மூன்று வாயும் மூடிப்போயின. அடியில் நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாகி, பானையின் ஓரத்தால் நாக்கு நீட்டியது. நல்ல அனல் என்று சந்தோஷப்பட்டேன்.

நண்டு கொதிக்கத் தொடங்கியதும் ஜெனி எழும்பிவிட்டாள்.

"எங்க போறாய்?"

"வெளியில."

"இந்த மழைக்கையோ? இரு பேசாமல். இண்டைக்கு நாலு பேரும் சேர்ந்திருந்து சாப்பிடுறம்."

"எனக்கு இந்த மணத்துக்குள்ள இருக்கேலாதம்மா. என்ர தலைமயிரெல்லாம் மணக்கும். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம்."

"இந்த மணம்தான் உன்னை வளத்தது."

"நான் கேட்டனானோ?"

அவள் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வெள்ளைக்காரியாகப் பிறந்திருக்கலாமே, போய் அவர்களுடைய வண்டியில் ஏறு, இந்தப் பக்கம் வராதே என்றேன். இவர் இடையில் புகுந்து "விடும், விடும்" என்றார். அவள் குடையை எடுத்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினாள். கதவிடுக்கில் இருந்த படுக்கைவிரிப்பைக் காலால் திரும்பத் திணித்துவிட்டு நான் கூழைக் கிண்டினேன். கண்ணீர் வந்தது. வெங்காயம் வெட்டாமலே வந்தது.

யன்னலால் பார்த்தால் தெரிந்தாள். வண்டியின் பக்கத்தில் இழுத்துவிடும் துணிப் பந்தலின் கீழே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடக்குக் கதிரையில் கால்களைச் சுருட்டி இருந்தாள். காதில் வயர்.

6

மாக்கரைசலை ஊற்றும்போது இவர் யன்னலைச் சின்னதாகத் திறந்து முதல் தரம் கூப்பிட்டார். "ஜெனி, சாப்பிட வா பிள்ளை." அவள் அசையவில்லை. யன்னலைப் பூட்டினார்.

றொஷான் தலையிடிக்கிறது என்றான். நேற்றுச் சுழன்ற கோப்பைகளின் வேலை என்று நினைத்தேன். வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தான். கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடுத்தேன், அதற்கும் பானையை ஒருபக்கம் தள்ளி அடுப்பிலேதான் இன்னும் கொஞ்சம் நெருப்பு. போர்த்திப் படுக்கவைத்தேன். எனக்கும் தலை விண்விண் என்றது. மகளோடு சண்டை பிடித்தால் எனக்கு எப்போதும் வருகிற தலையிடிதான் என்று விட்டுவிட்டேன்.

நாலு கோப்பையையும் மேசையில் வைத்துவிட்டு இவர் எழும்பாமலே கண்ணாடியில் தட்டி இரண்டாவது தரம் கூப்பிட்டார். குரல் சோர்ந்திருந்தது. பிறகு மேசையில் கையை மடித்து அதில் தலையை வைத்தார். இரவு வேலை செய்கிற மனிதர், எந்த நேரமும் எங்கேயும் நித்திரை கொள்ளக்கூடியவர். அதிலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கும் நான் பயப்படுவது அதை நினைத்துத்தான்.

அகப்பை என் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நிலம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. பரவாயில்லை, பிறகு எடுக்கலாம் என்று வாங்கில் இருந்தேன். பயமே இருக்கவில்லை. கோபமும் போய்விட்டது. மேசையின் மறுபக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனி வந்து அதில் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று மட்டும் ஒரு நினைப்பு.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் வெளியே இருந்து காத்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாவது தரம் கூப்பிட்டதும் உள்ளே வருவதென்றுதான் இருந்தாளாம். குளிர் பிடித்துவிட்டது, பசியும் வந்துவிட்டது. ஆனால் இரண்டாவதுக்கே எழும்பிப் போனால் அம்மா வென்றதாகிவிடும் அல்லவா? அதனால் மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். காதிலிருந்த வயரையும் எடுத்துவிட்டாளாம், கேட்காமல் போய்விடுமோ என்று.

மழை மட்டும் கேட்டது.

"அப்பா மூண்டுதரம் கூப்பிடாமல் ஒருநாளும் விட்டதில்லை" என்று பிறகு சொன்னாள். "அதோட எங்கட வீட்டில சத்தம் இல்லாமலும் ஒருநாளும் இருந்ததில்லை."

எழும்பி யன்னலால் பார்த்தாள். கண்ணாடி முழுக்க நீராவி படிந்த புகார். கையால் துடைத்தாலும் புகார் உள்ளுக்கல்லவா இருக்கிறது. கதவைத் திறந்தாள். தகப்பன் மேசையில். நான் வாங்கில், கண் திறந்தபடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவளைப் பார்க்காமல். கீழே சொப்பின் பை கட்டிய பெட்டி.

முதலில் தம்பியைத் தூக்கினாள். போர்வையோடு இழுத்துக்கொண்டுபோய் மழைக்குள் கிடத்தினாள். பிறகு என் இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து, படியால் இறக்கி இழுத்தாள். என் குதிக்காலில் அந்தப் படியின் தழும்பு இன்னும் இருக்கிறது. இவரை அசைக்க அவளால் முடியவில்லை. வெளியே வந்து கத்தினாள், பிரெஞ்சில். வெள்ளைத்தாடிக்காரர் வெறுங்காலோடு ஓடிவந்தார். அந்த மனிதர் இவரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய நேரம், அவள் வண்டியின் பின்பக்கம் போய்க் காஸைப் பூட்டினாள். பிறகு கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள்.

எனக்கு நினைவு திரும்பியபோது முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் றொஷான் சத்தி எடுத்துக்கொண்டு அழுதான். அவன் அழுத சத்தத்தை விட நல்ல சத்தம் எதையும் நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

7

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் மூக்கு வாய் மூடி ஒட்சிசன் வைத்தார்கள். தீயணைப்புக்காரர் ஒருவரும், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற ஒரு பெண்ணும் வந்தார்கள். பானை நெருப்பை மூடி மூச்சுமுட்ட வைத்திருக்கிறது, காற்றுப் போக வழியில்லை, நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சு வாயு உள்ளுக்கு நிரம்பிவிட்டது என்று தீயணைப்புக்காரர் சொன்னதை ஜெனி மொழிபெயர்த்தாள். கீழே இருந்த பெட்டி காஸுக்கும் அந்த வாயுவுக்குமான அலாமாம். பையை இறுக்கிக் கட்டியதால் வாயு அதற்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் கத்தவில்லை என்றார். கத்தியிருந்தாலும், சமையலுக்குத்தான் கத்துகிறது என்று இன்னொரு பையைத் தேடியிருப்போம்.

பிறகு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். ஜெனி எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். உடுப்பெல்லாம் சேறு. அவள் அதை மொழிபெயர்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவர் வாய்மூடியைக் கழற்றினார். "என்ன கேக்கிறா?"

"ஒண்டுமில்லையப்பா."

"ஜெனி. என்ன கேக்கிறா?"

"ஆர் அந்தப் பையைக் கட்டினதெண்டு கேக்கிறா."

இந்த நாட்டில் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடம் இருந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று எங்கள் ஆட்கள் கோயில் வாசலில் குசுகுசுப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பயம் ஊறியிருந்தது. தெரியாது என்று சொல்லு, வண்டியில் முன்னமே கட்டியிருந்தது என்று சொல்லு என்று கண்ணால் கெஞ்சினேன். ஜெனியும் அதைத்தான் நினைத்தாள் என்று நினைக்கிறேன். தகப்பனைப் பார்த்தாள்.

"நான்தான் கட்டினனான் எண்டு சொல்லு" என்றார் இவர். "உள்ளதை முழுசாச் சொல்லு. ஒண்டையும் சுருக்காத."

அவள் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். இடையில் நின்று மூச்செடுத்துத் திரும்பச் சொன்னாள். எனக்கு விளங்கிய சொற்கள் கொஞ்சம்தான். அப்பா என்றாள், பை என்றாள், பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து "நான், நான்" என்றாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் தோளைப் பிடித்தாள்.

அவர்கள் போன பிறகு ஜெனி என் கட்டிலில் தலையை வைத்து அழத் தொடங்கினாள்.

"அந்த மனிசன் எல்லாம் சொன்னவரம்மா. சிவப்புத் தொப்பி போட்டவர். பெரிய பானை வைக்கக்கூடாது, சமைக்கேக்க மேல் யன்னல் திறந்திருக்க வேணும், இந்தப் பெட்டியை ஒருநாளும் மூடக்கூடாது, தலையிடிச்சால் எல்லாரும் வெளியில வாங்கோ, வந்து காஸைப் பூட்டுங்கோ எண்டு. எல்லாம் எனக்கு விளங்கினது. நான் உங்களுக்கு ஓகே எண்டு மட்டும் சொன்னனான்."

"பை கட்டேக்கயும் சொல்ல வந்தனான். நீங்கள் சாப்பிட வா எண்டீங்கள். எனக்குக் கோவம் வந்திட்டுது" என்றாள்.

நான் அவளுடைய தலையில் கையை வைத்தேன். மழையில் நனைந்த தலைமயிர், சேற்று மணம், அதற்குள் எங்கேயோ என் கூழின் மணமும் கொஞ்சம். பதினைந்து வயதுப் பிள்ளை. எங்களுடைய வீட்டு வாடகையையும் வருத்தத்தையும் வழக்கையும் எட்டு வயதிலிருந்து வாயில் சுமந்த பிள்ளை. களைக்காதா? ஒருநாள் சுருக்கினால் குற்றமா? அந்தப் பிள்ளையின் வாயை நம்பி வண்டி ஏறிய நாங்கள் இரண்டு பேரும் பெரியவர்கள்தானே?

இதையெல்லாம் அவளிடம் சொல்ல அன்றைக்கு எனக்குச் சொல் வரவில்லை. "அழாத பிள்ளை, நீதானே இழுத்துக்கொண்டு வந்தனீ" என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லவில்லை. மற்ற மூன்று பேரும் நித்திரையான பிறகுதான் அது எனக்குள் வந்தது. அந்த மேசை. நாலாவது இடம். அன்று அவள் நான் சொன்னதைக் கேட்கிற நல்ல பிள்ளையாக அதில் வந்து இருந்திருந்தால், கதவைத் திறக்க வெளியே ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

8

பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகப் பெண் பிறகு ஒருதரம் லாசாலுக்கு வந்து வீட்டைப் பார்த்தாள். உட்கூரையைப் பார்த்தாள். பை இல்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனாள். நானும் இவரும் அந்தக் குளிர்காலமே திரும்பப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தோம். இவர் பாதி வகுப்பில் நித்திரை கொண்டாலும் போய்வந்தார். நான் இப்போது வேலை செய்கிற பெட்டிக் கம்பனியில் மேற்பார்வைக்காரியோடு சண்டை பிடிக்கும் அளவுக்குக் கதைப்பேன்.

ஜெனி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், டவுன்டவுனில் இரண்டு சிநேகிதிகளோடு இருக்கிறாள். அலாம் மாற்ற ஆள் வருகிறது என்று தொலைபேசியில் வாய்தவறிச் சொன்னேன். "நான் வாறன்" என்றாள். எனக்கு விளங்குமடி, தேவையில்லை என்றேன். "தெரியும், வாறன்" என்றாள். மெட்றோவும் பஸ்ஸும் ஏறி வந்துவிட்டாள்.

அந்தத் தொழிலாளி புது அலாமைப் பூட்டிவிட்டு விளக்கம் சொன்னான். ஜெனி எனக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். "மாதத்துக்கு ஒருக்கா இந்தப் பொத்தானை அமத்திப் பாக்கட்டாம். பற்றறி முடிஞ்சால் கீச் கீச் எண்டுமாம். தூசு தட்டட்டாம். இதுக்குப் பெயின்ற் அடிக்கக்கூடாதாம்." அவன் வாசலில் நின்று எதையோ சொல்லிச் சிரித்தான். "உங்கட வீட்டில நல்ல சாப்பாட்டு மணம் வருதாம், நல்ல பின்னேரமாக இருக்கட்டாம்" என்று அதையும் சொன்னாள். அவன் சொன்னது எல்லாமே எனக்கு விளங்கியிருந்தது. அவள் முடிக்கும்வரை ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று கணவாய்க் கறி. தாளிக்கும்போது புது அலாம் தன் முதல் சத்தத்தைப் போட்டது. ஜெனி கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினாள். கறிப்புகை அவள் தலைமயிரெல்லாம் போனது. அடுத்த நாள் அவளுக்கு வகுப்பு இருந்தது.

பிறகு மேசையில் நாலு கோப்பை வைத்தேன். றொஷான் ஒருபக்கம், அவள் மறுபக்கம், ஏற்கெனவே வந்து இருந்துவிட்டாள். ஊரில் திரும்பவும் சண்டை, இவர் தொலைக்காட்சிச் செய்தியை நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். தன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, நேர் எதிரே இருக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஜெனி, சாப்பிட வா பிள்ளை."

"இருக்கிறன் அப்பா."

"ஜெனி, சாப்பிட வா பிள்ளை."

"இருக்கிறன் அப்பா."

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இந்த மனிதருக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று தோன்றும். நான்கு வருடமாக எங்கள் வீட்டில் இப்படித்தான். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். றொஷானும் கை நீட்டவில்லை. இவர் தொண்டையைச் செருமி, கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியைத் தேடும் அளவுக்குக் குரலை உயர்த்தி, மூன்றாவது தரமும் கூப்பிட்டார்.

"வந்திட்டன் அப்பா" என்றாள் ஜெனி. அதற்குப் பிறகுதான் நான் சோற்றைப் போட்டேன்.